சேலத்துக்கு வந்த மெட்டு: "ஓராயிரம் பார்வையிலே" பாட்டின் பூர்வீகம்

"ஓராயிரம் பார்வையிலே" பாட்டைக் கேட்காதவர்கள் எங்கள் சேலம், நாமக்கல் பக்கம் ரொம்பக் குறைவு. ஆடி மாத மாரியம்மன் பண்டிகை, கல்யாண மண்டபத்து மெல்லிசைக் கச்சேரி, இரவு பஸ் என்று எங்காவது அது காதில் விழுந்திருக்கும். இது யார் பாட்டு என்று கேட்டுப் பாருங்கள். அசோகன் பாட்டு என்பார் ஒருவர். டி.எம்.எஸ். பாட்டு என்பார் இன்னொருவர். கொஞ்சம் விவரம் தெரிந்தவர் கண்ணதாசன் என்பார், இன்னும் கொஞ்சம் தெரிந்தவர் வேதா இசை என்பார். நான்குமே சரியான பதில்தான். ஆனால் ஐந்தாவதாக ஒரு பெயர் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பெயர் ரவி. பம்பாய்க்காரர். மெட்டு அவருடையது.

1963ல் வந்த இந்திப் படம் "உஸ்தாதோன் கே உஸ்தாத்". அதில் முகமது ரஃபி பாடிய "சௌ பார் ஜனம் லேங்கே" என்ற பாட்டுக்கு ரவி போட்ட மெட்டுதான், இரண்டு வருடம் கழித்து 1965ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் "வல்லவனுக்கு வல்லவன்" படத்தில் "ஓராயிரம் பார்வையிலே" ஆனது. படமே அந்த இந்திப் படத்தின் தமிழாக்கம்தான். கதை வந்தபோது பாட்டும் கூடவே வந்துவிட்டது.

இதைச் சொன்னவுடன் "அப்போ காப்பியா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் வெளியூர் போய்விட்டு வருவோம்.

ஜப்பானில் "தி பீனட்ஸ்" என்று ஒரு குழு. எமி, யூமி என்ற இரட்டைச் சகோதரிகள் இருவர்தான் மொத்தக் குழுவும். காட்ஸில்லா வகையறாப் படமான "மோத்ரா"வில் (1961) குட்டி தேவதைகளாக வருவார்களே, அவர்களேதான். அவர்கள் 1963ல் "கோய் நோ பகான்ஸு" என்று ஒரு இசைத்தட்டு கொடுத்தார்கள். காதல் விடுமுறை என்று அர்த்தம். ஜப்பானில் பெரிய வெற்றி. அதோடு நிற்கவில்லை. 1960களின் நடுவில் நினா பான்டெலேயெவா என்ற ரஷ்யப் பாடகி அதே மெட்டை ரஷ்ய மொழியில் பாட, சோவியத் யூனியன் முழுக்க அது பரவியது. பிறகு 2004ல் "மார்னிங் முசுமே" குழுவிலிருந்து வந்த இரண்டு பெண்கள் "டபிள்யூ" என்ற பெயரில் ஜோடி சேர்ந்து, தங்கள் முதல் இசைத்தட்டாக இதே பாட்டைத் திரும்பப் பாடினார்கள். மூலப் பாட்டுக்கு அப்போது நாற்பத்தொரு வயது.

இதைத்தான் கவர் வெர்ஷன் என்கிறார்கள். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ இது மறைத்துச் செய்யும் வேலை இல்லை. மூலம் இன்னது, இதைப் பாடுவது இன்னார் என்று இரண்டு பெயரும் சேர்ந்தே வரும். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசப்படும். நம் ஊரில் நடந்தது வேறு. இங்கே மெட்டு வந்தது, பெயர் வரவில்லை. அதனால் ஒரு பக்கம் ரவிக்கு நஷ்டம். இன்னொரு பக்கம் வேதாவுக்கும் நஷ்டம், உண்மை தெரிந்தவர்கள் அவரை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டாவது நஷ்டம்தான் பெரியது. ஏன் என்று சொல்ல மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்தே தொடங்க வேண்டும்.

திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம், சுருக்கமாக டி.ஆர். சுந்தரம், 1907ல் பிறந்தவர். பெயரிலேயே ஊர் இருக்கிறது. திருச்செங்கோடு அன்றைக்கு சேலம் மாவட்டம், 1997லிருந்துதான் நாமக்கல் மாவட்டம். நூல் வியாபாரக் குடும்பம். நெசவுத் தொழில்நுட்பம் படிக்க இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்குப் போனார். படித்துவிட்டு வந்தவர் மில் வைப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அவர் சினிமா எடுக்கப் போனார். 1930களின் நடுவில், ஏற்காடு மலை அடிவாரத்துக்குப் போகும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ எழுந்தது. முதல் படம் "சதி அகல்யா", 1937. அடுத்த வருடமே "பாலன்", மலையாளத்தின் முதல் பேசும் படம். கேரளத்தில் ஸ்டூடியோ இல்லாத காலத்தில் மலையாள சினிமா பேசக் கற்றுக்கொண்டது சேலத்தில்!

சென்னையிலிருந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி ஒரு ஸ்டூடியோவை நடத்துவது லேசான காரியம் இல்லை. நடிகர்கள், எழுத்தாளர்கள், இசைக் கலைஞர்கள், தொழில்நுட்பக்காரர்கள் எல்லோரையும் மாதச் சம்பளத்தில் ஊரிலேயே தங்க வைத்தார் சுந்தரம். கலைஞர் கருணாநிதி "மந்திரி குமாரி"க்கு (1950) வசனம் எழுதியது இங்கேதான். கண்ணதாசன் 1940களின் கடைசியில் இங்கே வந்து, கம்பெனி நடத்திய "சண்டமாருதம்" பத்திரிகையில் வேலை பார்த்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுந்தரம் அடிப்படையில் ஒரு மில் முதலாளி மாதிரி யோசித்தவர் என்பது என் கணிப்பு. சரக்கு நேரத்துக்கு வெளியே போக வேண்டும், செலவு கணக்குக்குள் இருக்க வேண்டும், விற்கும் என்று தெரிந்த டிசைனை நெய்ய வேண்டும். இந்திப் படத்தைத் தமிழில் எடுக்கும் யோசனை இந்தக் கணக்கிலிருந்து வருவதுதானே? வேறொரு இடத்தில் ஏற்கனவே ஓடிக் காட்டிய கதை. ஏற்கனவே ஹிட்டான மெட்டு. புது மெட்டு பிடிக்குமா பிடிக்காதா என்று பயப்பட வேண்டியதில்லை.

இந்த வழியில் அவர்கள் எடுத்த பெரிய அடி "அலிபாபாவும் 40 திருடர்களும்". 1956 பொங்கலுக்கு வந்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று பொது அறிவுப் புத்தகத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1954ல், ஹோமி வாடியா இந்தியில் "அலிபாபா அவுர் 40 சோர்" எடுத்திருந்தார். அதில் ரஃபியும் ஆஷா போஸ்லேயும் பாடிய "ஏ சபா உன்சே கெஹ் ஜரா" என்ற பாட்டின் மெட்டுதான் தமிழில் ஏ.எம். ராஜாவும் பானுமதியும் பாடிய "மாசிலா உண்மைக் காதலே". இந்தியில் எஸ்.என். திரிபாதியும் சித்ரகுப்தாவும் இசை, தமிழில் தட்சிணாமூர்த்தி. இன்றைக்கும் "பழைய தமிழ்ப் பாட்டு மாதிரி வருமா" என்று பெருமூச்சு விடுபவர்கள் முதலில் சொல்லும் பாட்டுகளில் இது ஒன்று. பெருமூச்சு நியாயம்தான், முகவரியில்தான் கொஞ்சம் குழப்பம் :)

ஒரு சுவாரசியமான விஷயம். அந்த இந்தி அலிபாபாவின் கதாநாயகி ஷகீலா. ஒன்பது வருடம் கழித்து வந்த "உஸ்தாதோன் கே உஸ்தாத்" படத்துக்கும் ஷகீலாதான் கதாநாயகி. சேலத்தின் இரண்டு பெரிய காதல் பாட்டுகளும் பம்பாயில் ஒரே நடிகையின் படங்களிலிருந்து வந்தவை.

1963 ஆகஸ்டில் டி.ஆர். சுந்தரம் காலமானார். மகன் ராமசுந்தரம் பொறுப்புக்கு வந்தார். அதற்குள் காலம் மாறிவிட்டது. சிவாஜி, எம்.ஜி.ஆர். இருவரின் படங்களும் சென்னையில் பெரிய கம்பெனிகளின் கையில். சேலத்திலிருந்து அவர்களோடு மோத முடியாது. ராமசுந்தரம் வேறு பாதை பிடித்தார். துப்பறியும் கதை, கொலை, மாறுவேடம், சின்ன நட்சத்திரங்கள், வேகமான படப்பிடிப்பு. "வல்லவனுக்கு வல்லவன்" (1965), "இரு வல்லவர்கள்" (1966), "வல்லவன் ஒருவன்" (1966), "எதிரிகள் ஜாக்கிரதை" (1967) என்று வரிசையாக வந்தன. ஜெய்சங்கர் தமிழ்நாட்டு ஜேம்ஸ்பாண்ட் ஆனது இந்த வரிசையில்தான்.

"வல்லவனுக்கு வல்லவன்" படத்தில் நடிகர் தேர்வே ஒரு விளையாட்டு. காதல் மன்னன் ஜெமினி கணேசன் வில்லன். எப்போதும் வில்லனாக வந்து எம்.ஜி.ஆரிடம் அடிவாங்கும் அசோகன் கதாநாயகன். இதுவும் இந்தியிலிருந்து வந்த யோசனைதான். அங்கே பிரதீப் குமார் கதாநாயகன், எல்லோருக்கும் நல்லவராகத் தெரிந்த அசோக் குமார் வில்லன். ஆனால் பிரதீப் குமார் ஏற்கனவே காதல் பாட்டுப் பாடிப் பழகிய நடிகர். "தாஜ்மஹால்" ஷாஜஹானே அவர்தான். ரஃபியின் குரல் அவருக்கு வந்ததில் யாருக்கும் ஆச்சரியம் இருந்திருக்காது. தமிழில் அந்த இடத்தில் அசோகன் நிற்கிறார். இழுத்து இழுத்துப் பேசும் அந்த அசோகன். மணிமாலாவைப் பார்த்து அவர் வாயசைக்கும்போது, டி.எம்.எஸ். குரல் அவரை வேறு ஆளாக மாற்றிவிடுகிறது. பலகுரல் கலைஞர்கள் அசோகனைக் கிண்டலடித்துக்கொண்டே இருந்தாலும் இந்த ஒரு பாட்டில் அவரை யாரும் கிண்டல் செய்வதில்லை. மூலத்தில் இல்லாத ஒன்று இங்கே தானாகச் சேர்ந்திருக்கிறது.

சரி, இப்போது வேதா.

எஸ்.எஸ். வேதாசலம் என்பது முழுப் பெயர். இந்தி மெட்டை அப்படியே போடுகிறவர் என்பதுதான் அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த ஒரே விஷயம். அதற்கு ஆதாரம் நிறைய. மாடர்ன் தியேட்டர்ஸுக்கு வெளியேயும் அப்படித்தான். "வோ கௌன் தீ" (1964) படத்தைத் தமிழில் "யார் நீ" (1966) என்று எடுத்தபோது, மதன் மோகன் இசையில் லதா பாடிய "நைனா பர்ஸே", சுசீலா குரலில் "நானே வருவேன்" ஆனது. "லக் ஜா கலே" மெட்டில் "பொன்மேனி தழுவாமல்" வந்தது. இரண்டும் உலகம் அறிந்த மெட்டுகள். மறைக்க வழியே இல்லை.

ஆனால் இதே வேதாதான் 1960ல் "பார்த்திபன் கனவு" படத்துக்கு இசை. கல்கியின் நாவல், பல்லவர் காலம், அங்கே பம்பாய் மெட்டுக்கு இடமே இல்லை. "இதய வானின் உதய நிலவே" கேட்டிருக்கிறீர்களா? ஏ.எம். ராஜாவும் சுசீலாவும் பாடியது. இல்லை என்றால் கேட்டுவிட்டு வாருங்கள், கட்டுரை இங்கேயேதான் இருக்கும். அடுத்து 1967ல் ஏவி.எம். "அதே கண்கள்" எடுத்தது. கதையும் சொந்தம், மெட்டுகளும் சொந்தம். "பூம் பூம் பூம் மாட்டுக்காரன்" போன்ற பாட்டுகளில் அவர் காட்டிய துள்ளல், அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் வேறு யாரிடமும் அவ்வளவு இயல்பாக வரவில்லை என்பது என் கருத்து. மெல்லிசை மன்னர் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

ஆக, மெட்டுப் போடத் தெரியாமல் ஒருவர் எடுத்துப் போட்டார் என்ற கதை நிற்காது. சொந்தமாகப் போடச் சொன்ன இடத்தில் சொந்தமாகப் போட்டார். இந்திப் படத்தைத் தமிழில் எடுத்த இடத்தில் அதன் மெட்டைப் போட்டார். முடிவு முதலாளியுடையது, பழி இசையமைப்பாளருக்கு. மாதச் சம்பள ஸ்டூடியோக்களில் இது புதிதும் இல்லை.

அவர் வேலை வெறும் நகல் எடுப்பதா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு மெட்டை இன்னொரு மொழிக்குக் கொண்டுவரும்போது உண்மையான சிக்கல் தாளத்திலோ வாத்தியத்திலோ இல்லை, எழுத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் செய்யுளை அசை பிரித்து அலகிட்டது ஞாபகம் இருக்கிறதா? நேர், நிரை, தேமா, புளிமா. தேர்வு முடிந்ததும் நாம் எல்லோரும் மறந்த சமாச்சாரம். அதை எடுத்து இந்த இரண்டு பாட்டின் தலைப்பிலும் வைத்துப் பார்த்தேன்.

இந்தித் தலைப்பு: சௌ, பார், ஜனம், லேங், கே. அலகிட்டால் நேர், நேர், நிரை, நேர், நேர்.

தமிழ்த் தலைப்பு: ஓ, ரா, யிரம், பார், வை, யிலே. அலகிட்டால் நேர், நேர், நிரை, நேர், நேர், கடைசியில் கூடுதலாக ஒரு நிரை.

முதல் ஐந்து அசையும் அப்படியே பொருந்துகின்றன. ஐந்தும்! உருதுக் கவிதையின் கணக்கு வேறு, தமிழ் யாப்பின் கணக்கு வேறு. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. ஆனாலும் ரஃபியின் மூச்சு எங்கே நீள்கிறதோ அங்கே தமிழிலும் நெடில் விழுகிறது. எங்கே சட்டென்று குறுகுகிறதோ அங்கே "யிரம்" என்ற குறில் வந்து உட்காருகிறது. மிச்சமிருக்கும் "யிலே" மெட்டு நீளும் இடத்தில் அடங்கிவிடுகிறது. இது மொழிபெயர்ப்பு எனக்குத் தோன்றவில்லை. ஒரே கால் அளவுக்கு இரண்டு செருப்புத் தைத்த மாதிரி இருக்கிறது.

தைத்தவர் கண்ணதாசன். பதினைந்து வருடம் முன்பு இதே கம்பெனியின் பத்திரிகையில் வேலை பார்த்தவர், இப்போது தமிழ்நாட்டின் முதல் பாட்டுக்காரர். அவர் அசையை மட்டும்தான் எடுத்துக்கொண்டார், அர்த்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை. இந்தியில் எழுதியவர் அசத் போபாலி. அங்கே காதலன் நூறு முறை பிறப்போம், நூறு முறை அழிவோம், ஆனாலும் பிரியமாட்டோம் என்கிறான். அழிவுக்கு அவர் பயன்படுத்தும் சொல் "ஃபனா". சூஃபி ஞானிகள் இறைவனில் கரைந்துபோவதைச் சொல்லும் சொல் அது. உருது தெரிந்தவனுக்கு அந்த ஒரே சொல்லில் ஒரு பெரிய மரபு கேட்கும். தமிழில் அதைப் பெயர்த்தால் வெறும் சாவு என்றுதான் நிற்கும், பின்னால் இருக்கும் ஞானிகள் யாரும் கூட வரமாட்டார்கள்.

கண்ணதாசன் பல்லவியில் பிறப்பையும் இறப்பையும் தூக்கிப்போட்டுவிட்டார். அங்கே பார்வை வந்தது. ஆயிரம் பேர் பார்த்தாலும் அதில் உன் பார்வை எது என்று எனக்குத் தெரியும், உன் காலடிச் சத்தத்திலேயே உன் மனசு தெரியும் என்கிறான் தமிழ்க் காதலன். நூறு ஆயிரமாகிவிட்டது, விலைவாசி ஏறியதால் அல்ல. கண்ணோடு கண் நோக்குவது வள்ளுவர் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த விஷயம். அதற்கு விளக்கவுரை தேவையில்லை. மரணத்தை மட்டும் அவர் முழுக்க விட்டுவிடவில்லை, சரணத்துக்குத் தள்ளிவைத்தார். மனிதக் காதல்கள் ஒரு சாவோடு முடிந்துவிடும், நம்முடையது அதற்குப் பிறகும் கூட வரும் என்று அங்கே போய்ச் சொல்கிறார். இந்தியில் முதல் மூச்சிலேயே வந்துவிடும் விஷயம் தமிழில் காத்திருந்து வருகிறது. காத்திருந்ததால் எனக்கு அது கூடுதலாக வலிக்கிறது.

இப்போது அந்த வருடத்தைக் கவனியுங்கள். 1965.

அந்த ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே மத்திய அரசின் ஆட்சிமொழி என்ற நிலை வரவிருந்தது. முந்தின நாள் மதுரையில் மாணவர்கள் ஊர்வலத்தில் தொடங்கிய கலவரம் மாநிலம் முழுக்கப் பரவியது. கல்லூரிகள் மூடப்பட்டன. பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு. அரசுக் கணக்கிலேயே சுமார் எழுபது பேர் இறந்தார்கள். பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை விட்டு விலகுவதாக அறிவித்தார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்த பிறகுதான் கொஞ்சம் அடங்கியது. ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் இந்தி எழுத்து மேல் தார் பூசிய காலம் அது.

அதே 1965ல் ஒரு இந்திப் படம் தமிழாகி, அதன் இந்தி மெட்டு தமிழ்நாடு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர்களில் ஒலித்தது. யாரும் அதன் மேல் தார் பூசவில்லை.

இதை முரண்பாடு என்று சிலர் சிரிப்பதைக் கேட்டிருக்கிறேன். "தெருவில் இந்தி ஒழிக, வீட்டில் இந்தி மெட்டா?" என்று. எனக்கு இதில் முரண்பாடே தெரியவில்லை. போராடியவர்கள் கேட்டது, எங்கள் பிள்ளை வேலைக்குப் போக இன்னொருவன் தாய்மொழியில் தேர்வு எழுத வேண்டுமா என்பது. ரஃபியின் குரலோடு யாருக்கும் சண்டை இல்லை. அந்தக் காலத்துச் சேலத்துக்காரர் ஒருவருக்கு இந்திப் பாட்டு அன்னியமும் இல்லை. 1952ல் மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை விரட்டியபோது இந்தியாவே இலங்கை வானொலி பக்கம் திரும்பியது. புதன்கிழமை இரவு அமீன் சயானியின் பினாகா கீத்மாலா, மற்ற நேரத்தில் அதே இலங்கையின் தமிழ் ஒலிபரப்பு. ஒரே ரேடியோ பெட்டியில் இரண்டும் வந்தன. அர்த்தம் புரியாமலே இந்திப் பாட்டை முணுமுணுத்த ஒரு தலைமுறை நம் தாத்தா பாட்டி தலைமுறை.

அர்த்தம் புரியாமல் என்பதுதான் முக்கியம். மாடர்ன் தியேட்டர்ஸ் செய்தது என்னவென்றால், அவர்கள் ஏற்கனவே விரும்பிய மெட்டை அவர்களுக்குப் புரியும் மொழியில் கொடுத்தது. மெட்டு வரட்டும், மொழி வேண்டாம் என்று ஒரு ஊர் சொன்னால் அதற்கு ஏற்ற சரக்கு இப்படித்தான் இருக்கும். இந்திப் பாட்டாகவே அது குழாய் ஸ்பீக்கரில் வந்திருந்தால் 1965ல் கல் விழுந்திருக்கலாம். சோவியத்தில் பீனட்ஸ் பாட்டுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். ஜப்பான் அங்கே அமெரிக்காவின் கூட்டாளி நாடு. ஆனால் ரஷ்ய வார்த்தை போட்டவுடன் மெட்டுக்குப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது.

இதனால்தான் வேதாவை வெறும் காப்பி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மறைத்தது தப்பு, அதில் இரண்டு பேச்சு இல்லை. ரவிக்கு ஒரு வரி நன்றி சொல்லியிருந்தால் யாருக்கும் ஒரு பைசா குறைந்திருக்காது. ஆனால் அந்த மெட்டு தமிழில் வந்து நின்ற விதத்தில் நான்கு பேரின் உழைப்பு இருக்கிறது. ரஃபி பாடுவது தனக்குள்ளேயே பேசிக்கொள்கிற மாதிரி. டி.எம்.எஸ். அப்படிப் பாடவே மாட்டார். அவர் பாட்டைத் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி நிமிர்ந்து பாடுவார். ரஃபியைப் போலவே பாட முயன்றிருந்தால் அது நகல். அவர் முயலவே இல்லை. எனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், இரவு தனியாக இருந்தால் ரஃபி, நாலு பேரோடு இருந்தால் டி.எம்.எஸ்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்று ஒரு நண்பன் கேட்டான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்துக்குப் பிறகு கவர் வெர்ஷனுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மூலப் பாட்டு பதிவாகி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், உரிமையாளருக்கு முன்கூட்டியே பணம் கட்ட வேண்டும், வார்த்தையையோ இசையையோ இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. அந்த அளவுகோலை வைத்தால் கண்ணதாசன் முதல் வார்த்தையிலேயே தோற்றுவிடுவார். மாற்றியதுதானே அவர் வேலை!

இன்றும் இந்தப் பாட்டைப் பகிர்பவர்கள் கண்ணதாசன், டி.எம்.எஸ்., வேதா என்று மூன்று பெயர் போடுகிறார்கள். நான்காவதாக ரவி என்றும், ஐந்தாவதாக அசத் போபாலி என்றும் போட ஒரு வரிகூட ஆகாது. போபாலியை உங்களுக்கு வேறு வழியில் தெரிந்திருக்கும். 1989ல் வந்த "மைனே பியார் கியா" படத்தின் "தில் தீவானா" அவர் எழுதியது.

ரவியின் கதை அதைவிட விசித்திரம். டெல்லியில் தபால் தந்தித் துறையில் எலக்ட்ரீஷியனாக இருந்து, பாடகர் ஆகும் ஆசையில் பம்பாய் போய், "சௌத்வின் கா சாந்த்" (1960) மூலம் பெரிய இசையமைப்பாளர் ஆனவர். 1980களில் இந்திப் படவுலகம் அவரை ஓரம் கட்டியபோது, இயக்குநர் ஹரிஹரன் அவரை மலையாளத்துக்கு அழைத்து வந்தார். தெற்கே ஏற்கனவே ரவிகள் இருந்ததால் பாம்பே ரவி என்று பெயர் வைத்தார்கள். 1986ல் "பஞ்சாக்னி", "நகக்ஷதங்கள்", பிறகு 1989ல் "ஒரு வடக்கன் வீரகாதா". "நகக்ஷதங்கள்" படத்தில் அவர் மெட்டில் "மஞ்ஞள் பிரசாதவும்" பாடியதற்காகச் சித்ராவுக்கு தேசிய விருது கிடைத்தது. மெட்டு மட்டும் தெற்கே வந்து, பெயர் வராமல் போய் இருபது வருடம் கழித்து, ஆளே நேரில் வந்தார். வந்தது எந்த சினிமாவுக்கு என்று பாருங்கள். 1938ல் ஏற்காடு சாலையில் முதன்முதலாகப் பேச ஆரம்பித்த அதே மலையாள சினிமாவுக்கு.

மாடர்ன் தியேட்டர்ஸ் அப்போது படம் எடுப்பதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஸ்டூடியோ இருந்த இடம் பின்னால் குடியிருப்பாகிவிட்டது. ஏற்காடு போகும்போது கன்னங்குறிச்சிப் பக்கம் இடது வலது பார்த்துக்கொண்டே போனால், பழைய நுழைவு வளைவு மட்டும் சாலையோரம் நிற்பது தெரியும்.